பினாங்குக் கொடிமலை: சனிக்கிழமை மதியம் குழுவாக நடந்து ஏறத் திட்டமிடுவது எப்படி?

கொடிமலைக்கு (Penang Hill) நம்மில் பலர் ரயிலில்தான் போய் வந்திருப்போம். 833 மீட்டர் உயர மலையை நடந்து ஏறுவது முதல்முறை வருபவர்களாலும் முடிகிற காரியம்தான். எந்த வழியாக இறங்குவது, எந்த நேரத்தில் திரும்பிவிடுவது என்ற இரண்டையும் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: முதலில் இறங்கும் வழி

நடந்து ஏறுங்கள், ரயிலில் இறங்குங்கள். தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்குப் போகும் ஜீப் ரோடு சுமார் ஐந்து கிலோமீட்டர், நல்ல செங்குத்து. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது அதே சரிவு முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

1923 முதல் ஓடும் இந்த ரயிலைப் பராமரிப்புக்காகச் சில நாட்கள் நிறுத்துவதுண்டு. அதனால் போகிற வாரத்திலேயே அறிவிப்பைப் பாருங்கள். நடைபாதை திறந்திருக்கிறதா என்பதையும் சேர்த்தே பாருங்கள். 2017 நவம்பர் பெருமழையில் இந்த மலையில் பல இடங்களில் மண் சரிந்தது. பலத்த மழைக்கு அடுத்த சில நாட்கள் போகாமல் இருப்பதே நல்லது.

படி 2: யார் யார் வருகிறார்கள்?

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். புதியவர்கள் இருந்தால், ஒரு வாரம் முன்பு எல்லாரையும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரச் சொல்லுங்கள். அங்கே 513 படிகள். ஏறி முடித்து ஐந்து நிமிடத்தில் சாதாரணமாகப் பேச முடிகிறவர் கொடிமலைக்குத் தயார். தலைசுற்றலோ நெஞ்சு வலியோ வந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மலை.

பாதை தெரிந்தவர் முன்னால், பொறுமைசாலி ஒருவர் கடைசியில். அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. இதைப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் பெயர் போட்டே எழுதிவிடுங்கள்.

படி 3: கடிகாரம்

பினாங்கில் சூரியன் மறைவது மாதத்தைப் பொறுத்து ஏழு மணியிலிருந்து ஏழே முக்காலுக்குள். மரத்தடியில் அதற்கு அரை மணி முன்பே இருட்டிவிடும். மதியம் ஒன்றரைக்கு நடக்கத் தொடங்கினால், நிதானமாக ஏறினாலும் ஐந்தரைக்குள் உச்சியில் இருக்கலாம்.

ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஏறும் பாதை ஜீப் ரோட்டில் சேரும் ஓய்விடமான 84ஆம் நிலையத்துக்கு நான்கு மணிக்குள் வரவில்லை என்றால், உச்சிக்குப் போகாமல் அங்கிருந்து ஜீப் ரோட்டில் மெதுவாக இறங்கிவிட வேண்டும். ரயில் ஓடாத நாளிலும் 84தான் எல்லை. கிளம்புவதற்கு முன் எல்லாரும் சரி என்று சொல்லியிருந்தால், அங்கே நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.

ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மதிய மழை அதிகம். இடி கேட்டால் ஏற்றத்தை அங்கேயே நிறுத்துங்கள். முதல் பயணத்துக்கு ஜனவரி, பிப்ரவரி சிறந்தது.

படி 4: காலணியும் பையும்

விலை உயர்ந்த ஷூ தேவையில்லை. ‘கம்போங் அடிடாஸ்’ என்று எல்லாரும் சொல்லும் கறுப்பு ரப்பர் ஷூ இருக்கிறதே, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போட்டுப் போவது, அது போதும். அடியில் இருக்கும் குமிழ்கள் ஈர வேரிலும் களிமண்ணிலும் நன்றாகப் பிடிக்கும், விலையும் மிகக் குறைவு. தடித்த காலுறையோடு போடுங்கள். வெறுங்காலில் போட்டால் குதிகால் கொப்புளித்துவிடும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, டார்ச், மாற்றுச் சட்டை. குழுவுக்கு ஒரு முதலுதவிப் பை. சாப்பாட்டைப் பைக்குள் வையுங்கள். கையில் நெகிழிப் பை தொங்கினால் குரங்கு பறித்துக்கொண்டு போய்விடும்.

படி 5: ஏற்றம்

தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டி, பூங்காவுக்குச் சற்று முன்னால், வட்ட வாசல் வைத்த பழைய மதில் தெரியும். அதுதான் மூன் கேட். உள்ளே நுழைந்ததுமே ஏற்றம். படிகள், வேர்கள், நல்ல நிழல். முதல் இருபது நிமிடம் பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் போங்கள். எல்லாரும் களைத்துப்போவது அங்கே வேகமாக ஏறுவதால்தான். வழியில் உள்ள ஐந்தாம் நிலையம் என்ற ஓய்விடத்தில் ஒரு சின்ன ஓய்வு, 84இல் நீண்ட ஓய்வு. தேநீர் கிடைக்கும் என்று நம்பி ஏறாதீர்கள்.

84க்குப் பிறகு ஜீப் ரோடு. சலிப்பூட்டும் பகுதி, ஆனால் வழி தவறாது. வளைவுகளில் வண்டிச் சத்தம் கேட்டால் ஒரே பக்கமாக ஒதுங்குங்கள்.

படி 6: உச்சியும் திரும்புதலும்

மேலே ஈரச் சட்டையை மாற்றுங்கள், காற்று குளிராக இருக்கும். அருளொளித் திருமுருகன் கோயிலைப் பார்த்துவிட்டு ரயில் வரிசையில் நில்லுங்கள். வார இறுதி மாலையில் வரிசை நீளமாக இருக்கும்.

ரயில் இறக்கிவிடுவது மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில். காரை விட்டதோ பூங்காப் பக்கம். ஓட்டுநர்கள் மட்டும் ஒரு கிராப் (Grab) வாடகைக் கார் பிடித்துப் போய் கார்களை எடுத்து வரட்டும். மற்றவர்கள் அதுவரை ஆயர் ஈத்தாமிலேயே சாப்பிட உட்காரலாம்.