பெரியவர்களுக்குத் தங்குமிடமும் பராமரிப்பும் தேடுவது எப்படி? படிப்படியாக

கூகுளில் ‘முதியோர் இல்லம்’ என்று தேடினால் இலவச ஆசிரமம், கட்டணப் பராமரிப்பு மையம், கோடி ரூபாய் வில்லா மூன்றும் ஒரே பட்டியலில் வரும். இவை வெவ்வேறு நிலையில் இருப்பவர்களுக்கானவை. இடுப்பெலும்பு முறிவுக்குப் பிறகு தனியாக இருக்க முடியாமல் போன என் பெரியம்மாவுக்காகத் திருச்சியிலும் கோவையிலும் இடம் தேடியபோது தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு தாள்

ஆறு வேலைகளை எழுதுங்கள்: குளிப்பது, உடை மாற்றுவது, கழிப்பறை போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் நேரே ‘தானே’, ‘கை கொடுத்தால்’, ‘முடியாது’ என்று குறியுங்கள். மருத்துவர்களும் இந்த ஆறைத்தான் கேட்பார்கள். மறதி இருந்தால் தனியாக எழுதுங்கள். அடுப்பை அணைக்க மறப்பது, வழி தெரியாமல் வெளியே போவது இரண்டையும் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் முதியோர் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது.

அப்புறம், பெரியவரிடமே கேளுங்கள். பெரியம்மா கேட்டது இரண்டுதான்: வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு, காலையில் தானே காபி போட்டுக்கொள்ள ஒரு இடம். அந்த இரண்டிலேயே பாதி இடங்கள் கழிந்துவிட்டன.

2. எந்த வகை?

ஆறும் ‘தானே’ என்றால் ஓய்வுக்கால குடியிருப்பு வளாகம் போதும். கோவையில் இவை நிறைய இருக்கின்றன. வீட்டை விலைக்கு வாங்கலாம், டெபாசிட் கட்டிக் குடியேறலாம், வாடகைக்கும் கிடைக்கும். வாங்குவதாக இருந்தால் கட்டுமானத் திட்டங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் பதிவு எண்ணைப் பாருங்கள். என் கருத்தில், முதல் வருடம் வாடகைதான் நல்லது.

இரண்டு மூன்று வேலைகளுக்குக் கை கொடுக்க வேண்டும் என்றால் உதவியாளரோடு கூடிய இல்லம். படுக்கையில் இருப்பவருக்கு நர்ஸ் உள்ள மையம். மறதி நோய்க்கு அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கும் இடம்தான் வேண்டும், மற்ற இடங்களில் கதவைப் பூட்டி வைப்பதோடு சரி.

வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதும் ஒரு வழிதான். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை, இயன்முறைச் சிகிச்சை, வலி தணிப்புச் சிகிச்சை வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

3. முகவரிகள் சேர்ப்பது

பட்டியல் போடும் இணையதளங்களில் உங்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள், ஓயாமல் போன் வரும். நான் நம்புவது மூன்று வழிகளை. ஒன்று, 14567 என்ற முதியோர் உதவி எண்: இலவசம், காலை 8 முதல் இரவு 8 வரை. இரண்டு, மருத்துவமனை வார்டு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும். எந்த இல்லத்திலிருந்து நோயாளிகள் படுக்கைப் புண்ணோடு வருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். மூன்று, கூகுள் மேப்ஸ் ரிவ்யூ. அதிலும் ‘புதியவை முதலில்’ என்று மாற்றிப் படியுங்கள்.

4. ‘படுக்கையில் விழுந்துவிட்டால்?’

நாங்கள் மாட்டிக்கொண்டு நின்றது இங்கேதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பெரியம்மா வாக்கரோடு நடந்துகொண்டிருந்தார். போன் செய்த எல்லா இடத்திலும் ‘தாராளமாகச் சேர்க்கலாம்’ என்றார்கள். ஒரு இடத்தில் அட்வான்ஸ் கட்டப் போகும் நேரத்தில் ஒப்பந்தத்தைப் படித்தால், ஐந்தாவது பக்கத்தில் ஒரு வரி: குடியிருப்பவர் தன் வேலைகளைத் தானே செய்ய இயலாத நிலை வந்தால் குடும்பத்தினர் முப்பது நாளில் அழைத்துச் செல்ல வேண்டும். நாம் இடம் தேடுவதே அந்த நாளுக்காகத்தானே!

இதைத் தவறு என்று சொல்லமாட்டேன். அந்த இல்லத்தில் நர்ஸ் இல்லை, அவர்களால் முடியாது. ஆனால் அது சேர்க்கும்போதே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனவே ஒப்பந்த நகலை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். தரமாட்டோம் என்றால் அந்த இடம் வேண்டாம். கையில் வந்ததும் இவற்றைக் கேளுங்கள்:

- நிலை மோசமானால் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா? கட்டணம் எவ்வளவு கூடும்?
- இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், எத்தனை பெரியவர்களுக்கு?
- படுத்தே இருப்பவரை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள்? (‘இரண்டு மணி நேரம்’ என்று யோசிக்காமல் பதில் வர வேண்டும்.)
- நள்ளிரவில் மூச்சுத் திணறினால் எந்த மருத்துவமனை, கூடப் போவது யார்?
- மருத்துவமனையில் இருக்கும் மாதத்துக்கும் முழுக் கட்டணமா?
- டெபாசிட் எத்தனை நாளில் திரும்பி வரும்? எதைக் கழிப்பீர்கள்?

வாயால் சொன்னதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

5. நேரில் போவது

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை. வரவேற்பறையைப் பார்க்காதீர்கள், கழிப்பறைக் கைப்பிடியைப் பாருங்கள், கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் அழைப்பு மணி இருக்கிறதா என்று அழுத்தியே பாருங்கள். முடிந்தால் ஒரு மாதம் தற்காலிகமாகத் தங்க வையுங்கள். அதுவரை சொந்த வீட்டை விற்கவோ காலி செய்யவோ வேண்டாம்.

6. பணம்

மாதக் கட்டணம், டயப்பர், மருந்து, தனி அட்டெண்டர் என்று நான்கு வரி போட்டுக் கூட்டுங்கள். விளம்பரத்தில் இருப்பது முதல் வரி மட்டும்தான். மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் 2024 முதல் 70 வயது நிறைந்தவர்களுக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது, ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. இல்லத்தின் மாதக் கட்டணத்துக்கு உதவாது.

பிறகு சேர்த்தது: ‘வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, இப்போது பார்க்க ஆளில்லை’ என்று கமெண்டில் ஒரு அம்மா எழுதியிருந்தார். 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-வது பிரிவு இதற்குத்தான். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காதபோது ரத்து செய்யக் கோரலாம். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். இனிமேல் எழுதுபவர்கள் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று: இல்லத்துக்குப் போன பிறகு ஓய்வூதிய உயிர்வாழ் சான்றுக்கு என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தபால்காரரே வந்து டிஜிட்டலாக எடுத்துத் தருவார், சிறு கட்டணம் உண்டு. ஆதார் எண், பென்ஷன் ஆர்டர் எண், வங்கிக் கணக்கு விவரம், செல்போன் நான்கும் அன்று பெரியவர் கையில் இருக்க வேண்டும்.