பழைய தேதியைக் கண்டால் முதலில் ஊரைக் கேளுங்கள்

"கலிலியோ இறந்த அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார்." இந்த வரியை மூன்று முறை மெய்ப்புப் பார்த்து அச்சுக்கு அனுப்பியவன் நான். பிள்ளைகளுக்கான அறிவியல் வரலாற்றுக் காலவரிசை அது. புத்தகம் வெளியான சில வாரங்களில் ஒரு வாசகர் கடிதம் எழுதினார். திட்டவில்லை. "எந்த நாட்காட்டிப்படி?" என்று ஒரே ஒரு கேள்வி.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கலிலியோ 1642 ஜனவரி 8 அன்று ஃபுளோரன்ஸுக்கு வெளியே, ஆர்ச்சேத்ரியில் இறந்தார். அது போப் கொண்டுவந்த புதிய நாட்காட்டித் தேதி. நியூட்டன் 1642 டிசம்பர் 25 அன்று பிறந்தார். அது இங்கிலாந்து விடாமல் வைத்திருந்த பழைய நாட்காட்டித் தேதி. அதே நாள் ரோமில் 1643 ஜனவரி 4. சரி, இரண்டையும் இங்கிலாந்துக் கணக்கிலேயே வைப்போம் என்றால், கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29 ஆகிவிடுகிறது. எப்படிப் புரட்டினாலும் இருவரும் ஒரே ஆண்டில் சிக்குவதில்லை. ஆளுக்கொரு நாட்காட்டியை எடுத்துக்கொண்டால்தான் அந்த அழகான வரி நிற்கும்.

அதற்குப் பிறகு 16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தேதி எது மேசைக்கு வந்தாலும் நான் பார்க்கும் முறை ஒன்று உண்டு. காலவரிசை தயாரிப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், கட்டுரை எழுதுபவர்கள் எல்லோருக்கும் உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். 1582 அக்டோபருக்கு முந்தைய தேதி என்றால் கை வைக்காதீர்கள். புராட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் தம் 95 கருத்துரைகளை அனுப்பிய 1517 அக்டோபர் 31, வானியலர் கோப்பர்னிகஸ் இறந்த 1543 மே 24 இவையெல்லாம் ஜூலியன், அதாவது பழைய நாட்காட்டித் தேதிகள். அப்போது மேற்கு ஐரோப்பா முழுவதற்கும் அது ஒன்றுதான் நாட்காட்டி. ஆர்வக் கோளாறில் பத்து நாள் கூட்டிவிட்டால், அந்தத் தேதியில் யாரும் லூத்தரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கணினியில் தேதி மாற்றும் கருவிகள் சில இந்த வேலையைச் சொல்லாமலே செய்துவிடும். கவனம்.

1582-க்குப் பிந்தைய தேதி என்றால் அடுத்த கேள்வி ஊர். எழுதியவர் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார், அந்த ஊரை ஆண்டவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர், கத்தோலிக்கரா, புராட்டஸ்டன்டா? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஜூலியன் நாட்காட்டி ஓர் ஆண்டை 365 நாள் 6 மணி என்று எடுத்துக்கொண்டது. உண்மையான சூரிய ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. சில்லறைதான், ஆனால் ஏறக்குறைய 128 ஆண்டுகளில் ஒரு முழு நாள் சேர்ந்துவிடும். கி.பி. 325-இல் திருச்சபை ஆயர்களின் நைசியா சங்கம் கூடிய காலத்தில் மார்ச் 21-ஐ ஒட்டி வந்த சம பகலிரவு நாள், 16-ஆம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கு நகர்ந்திருந்தது. இதனால் உழவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. திருச்சபைக்குத்தான் தலைவலி. ஈஸ்டர் என்பது சம பகலிரவு நாளுக்குப் பிந்தைய பௌர்ணமியை அடுத்து வரும் ஞாயிறு. ஆரம்பப் புள்ளி தவறினால் ஆண்டின் பாதித் திருநாள்கள் தவறும்.

ஆக, மதம்தான் வானியலிடம் போய் உதவி கேட்டது. கோப்பர்னிகஸே தம் 1543 நூலைப் போப் மூன்றாம் பவுலுக்குக் காணிக்கையாக்கும் முன்னுரையில் இந்த விஷயத்தைத் தொடுகிறார்: போப் பத்தாம் லியோ காலத்தில் நாட்காட்டித் திருத்தம் நடக்காமல் போனதற்குக் காரணம் ஆண்டு, மாதங்களின் நீளமும் சூரிய சந்திரர்களின் இயக்கமும் சரியாக அளக்கப்படாததுதான் என்று. கடைசியில் வேலையை முடித்துக் கொடுத்தது கலாபிரியாவைச் சேர்ந்த அலோயிசியஸ் லிலியஸ் என்ற மருத்துவரின் திட்டம். அவர் 1576-இலேயே இறந்துவிட்டார். திட்டத்தை விளக்கி, எதிர்ப்புகளுக்கெல்லாம் பதில் எழுதியவர் இயேசு சபைக் கணிதர் கிறிஸ்டோபர் கிளேவியஸ். பூமி நடுவில் அசையாமல் நிற்கிறது என்று கடைசி வரை நம்பிய மனிதர். ஆனாலும் 1611-இல் கலிலியோ தொலைநோக்கியில் கண்டவை உண்மைதான் என்று உறுதி சொன்ன ரோம் கல்லூரிக் குழுவில் அவரும் இருந்தார். "மதம் ஒரு பக்கம், அறிவியல் மறுபக்கம்" என்று கோடு கிழிக்கும் அட்டவணைகளை நான் இப்போதெல்லாம் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கிளேவியஸை எந்தப் பக்கம் போடுவது?

போப் பதின்மூன்றாம் கிரிகோரி ஆணையிட்டார். 1582 அக்டோபர் 4, வியாழன். மறுநாள் அக்டோபர் 15, வெள்ளி. ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி அன்றே மாறின. ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலாவின் தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில். பிரான்ஸ் அதே டிசம்பரில் மாறியது. ஜெர்மனியின் கத்தோலிக்கப் பகுதிகள் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மாறின.

புராட்டஸ்டன்டுகள்? கணக்கு சரி என்று தெரிந்தவர்களுக்கும் கையெழுத்து போப்பினுடையது என்பது தொண்டையில் சிக்கியது. இரு சபையினரும் கலந்து வாழ்ந்த ஆக்ஸ்பர்க் நகரில் மன்றம் புதிய நாட்காட்டியை ஏற்றது. எதிர்த்துப் பிரசங்கம் செய்த லூத்தரன் போதகரை 1584-இல் ஊரைவிட்டு வெளியேற்ற முயன்றபோது கலவரமே வெடித்தது. இங்கிலாந்தில் கணிதர் ஜான் டீ கணக்கெல்லாம் போட்டு மாறலாம் என்று 1583-இல் அரசி எலிசபெத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஆயர்கள் தடுத்துவிட்டார்கள். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் வானியலர் கெப்லரின் ஆசிரியர் மைக்கேல் மெஸ்ட்லின் புதிய நாட்காட்டிக்கு எதிராக எழுதினார். மாணவரோ 1613-இல் ரேகன்ஸ்பர்க் பேரவைக்குப் போய், லூத்தரனாக இருந்துகொண்டே, அதற்கு ஆதரவாக வாதாடினார். பலிக்கவில்லை.

எனவே இந்த நான்கு விவரங்களை ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கத்தோலிக்க நாடுகள்: 1582 முதல் 1584-க்குள் புதிய கணக்கு. புராட்டஸ்டன்ட் ஜெர்மனி, டென்மார்க்: 1700 பிப்ரவரி 18-க்கு மறுநாள் மார்ச் 1. இங்கிலாந்து: 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. நெதர்லாந்து மட்டும் கலப்படம்: ஹாலந்தும் சீலாந்தும் தொடக்கத்திலேயே மாறிவிட்டன, உட்ரெக்ட் போன்ற மாகாணங்கள் 1700 வரை இழுத்தன. ஸ்வீடனைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. மெதுவாக மாறுகிறேன் என்று தொடங்கி, குழம்பி, திரும்பி வந்து, 1712-இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளையே உண்டாக்கினார்கள். ஸ்வீடன் தேதி வந்தால் தனியாகச் சரிபாருங்கள்.

ஊர் தெரிந்துவிட்டால் கூட்டல் எளிது. பழைய கணக்குத் தேதியைப் புதியதாக்க, ஜூலியன் 1700 பிப்ரவரி 28 வரை 10 நாள் கூட்டுங்கள். அதன்பின் 11. காரணம், 1700 பழைய கணக்கில் லீப் ஆண்டு, புதியதில் இல்லை. நூறால் வகுபடும் ஆண்டு 400-ஆலும் வகுபட்டால்தான் புதியதில் லீப்.

ஒரு பயிற்சி. ஆரஞ்சு இளவரசர் வில்லியம் 1688-இல் நவம்பர் 11 அன்று ஹாலந்தில் கப்பலேறி, நவம்பர் 5 அன்று இங்கிலாந்தின் டார்பேயில் இறங்கினார். அச்சுப்பிழை என்று நினைத்துத் தேதிகளை இடம் மாற்றிவிடாதீர்கள். (நான் மாற்றியிருக்கிறேன்.) 5-உடன் பத்தைக் கூட்டினால் 15. நான்கு நாள் கடல் பயணம், அவ்வளவுதான்.

ஆளைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. வானியலர் டைக்கோ பிராஹே ஹ்வென் தீவில் எடுத்த குறிப்புகள் பழைய கணக்கு, ஏனென்றால் அது டென்மார்க். அதே டைக்கோ பிராகாவுக்குப் போய் 1601 அக்டோபர் 24 அன்று இறந்தார் என்பது புதிய கணக்கு, ஏனென்றால் அது கத்தோலிக்கப் பேரரசரின் ஊர். டைக்கோவைப் போலவே லூத்தரனான கெப்லரும் 1594-இல் ட்யூபிங்கனிலிருந்து கத்தோலிக்கர் ஆண்ட கிராட்ஸுக்கு வேலைக்குப் போன வழியில் பத்து நாளை இழந்தவர்தான். தேதி மனிதரோடு போவதில்லை, ஊரோடு இருக்கிறது.

இனி எனக்கு அதிகம் உதை வாங்கிக் கொடுத்த இடம்: ஆண்டுப் பிறப்பு. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஆகவே இங்கிலாந்து அரசர் முதலாம் சார்ல்ஸின் தலை துண்டிக்கப்பட்ட நாளை அன்றைய ஆவணங்கள் 1648 ஜனவரி 30 என்கின்றன. நமக்கு அது 1649. ஸ்காட்லாந்து 1600-இலேயே ஜனவரி 1-க்கு மாறிவிட்டது. வெனிஸில் மார்ச் 1. ஃபுளோரன்ஸிலும் மார்ச் 25 என்பதால், கலிலியோ இறந்த நாளை அந்த ஊர் எழுத்தர் 1641 ஜனவரி என்றே குறித்திருப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், நாட்காட்டியைத் திருத்திய போப்பாணையே 1581 பிப்ரவரி என்றுதான் தேதியிடப்பட்டிருக்கிறது. அதுவும் மார்ச் 25 கணக்கு. நம் எண்ணிக்கையில் 1582. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை ஒரு தேதி வந்தால் பென்சிலை எடுத்துப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் அசையாத ஒன்று உண்டு. கிழமை. இந்த மாற்றங்கள் எதிலும் கிழமை வரிசையை யாரும் தொடவில்லை. மூல ஆவணத்தில் கிழமை இருந்தால் அதைத் தங்கம் போல எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழின் முதல் இதழில் திங்கள், மார்ச் 6, 1664/5 என்று இருக்கிறது. பழைய கணக்கில் 1664 மார்ச் 6 ஞாயிறு. 1665 மார்ச் 6 திங்கள். புதிய கணக்கின் 1665 மார்ச் 6-ஓ வெள்ளி. எனவே பழைய கணக்கு, நம் எண்ணிக்கையில் 1665, ரோமில் அன்று மார்ச் 16. அந்தச் சாய்கோட்டையும் கவனியுங்கள்: இரண்டு ஆண்டுப் பிறப்புகளும் தெரிந்தவர்கள் அன்றே இப்படி எழுதினார்கள். இரண்டு நாட்காட்டிகளுக்கும் சாய்கோடு உண்டு. வெஸ்ட்ஃபாலியா ஒப்பந்தத்தின் 14/24 அக்டோபர் 1648 அப்படிப்பட்டது. முப்பது ஆண்டுப் போரை முடித்தவர்கள் தேதியில் மட்டும் சமரசத்துக்கு வரவில்லை!

ஈஸ்டர் வந்தால் மேற்சொன்ன கூட்டல் உதவாது. 1700-இல் மாறிய ஜெர்மன் புராட்டஸ்டன்டுகள் நாள்களைத்தான் ஏற்றார்கள், போப்பின் ஈஸ்டர் விதியை அல்ல. கெப்லர் 1627-இல் வெளியிட்ட ருடால்ஃபின் அட்டவணைகளை வைத்து உண்மையான பௌர்ணமியைக் கணித்தார்கள். அதனால் 1724-இல் அவர்களுக்கு ஈஸ்டர் ஏப்ரல் 9, கத்தோலிக்கருக்கு ஏப்ரல் 16. 1744-லும் ஒரு வாரம் பிசகியது. ஈஸ்டரை ஒட்டிய தேதி என்றால் அந்தந்தச் சபையின் பட்டியலைத் தனியே பார்த்துவிடுங்கள்.

எழுதும்போது நான் செய்வது இது. மூலத்தில் உள்ள தேதியை அழிக்காமல் வைத்து, பக்கத்தில் "பழைய" அல்லது "புதிய" என்று குறித்து, வரிசைப்படுத்துவதற்கு மட்டும் புதிய கணக்கைத் தனிப் பத்தியில் போடுகிறேன். ஒரே அட்டவணையில் லண்டனும் ரோமும் வந்தால் இது கட்டாயம்.

எங்கள் காலவரிசையின் இரண்டாம் பதிப்பில் அப்படித்தான் திருத்தினேன். நியூட்டனின் இறப்பு மட்டும் இன்னும் சரியாகவில்லை. வெஸ்ட்மின்ஸ்டரில் அவர் கல்லறை 1726 மார்ச் 20 என்கிறது. புதிய கணக்கில் அது 1727 மார்ச் 31. நான் "20 மார்ச் 1726/27, பழைய" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பக்கம் வடிவமைத்தவர் சாய்கோட்டை அச்சுப்பிழை என்று நினைத்து, நல்லெண்ணத்தோடு, 27-ஐ நீக்கிவிட்டார். மூன்றாம் பதிப்புக்கான மெய்ப்பில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.