‘லிமோசின்’ என்று புக் பண்ணினால் என்ன வரும்?

போன மாதம் ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு லிமோசின் புக் பண்ணியிருந்தேன், மனுஷர் சிங்கப்பூர் சாங்கி விமான நிலைய வாசலில் ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு காரைத் தேடிக்கொண்டே நிற்க, வந்தது ஏழு பேர் உட்காரும் வேன். ஆகவே புக் பண்ணும்போது பெயரை நம்பாதீர்கள்; எத்தனை இருக்கை, எத்தனை பெட்டி ஏறும், கட்டணம் மொத்தமா மீட்டரா என்று கேளுங்கள்.

இந்தச் சொல்லின் கதையே அப்படித்தான். பிரான்சின் நடுப்பகுதியில் லிமூசேன் என்றொரு வட்டாரம், அங்கே ஆடு மேய்ப்பவர்கள் குளிருக்குப் போட்ட முரட்டுப் போர்வைக்கு அந்த ஊர்ப்பெயரே பெயர். 1900களின் தொடக்கத்தில், பின்னால் இருப்பவர்களுக்கு மூடிய அறையும் ஓட்டுநருக்கு வெறும் கூரையும் வைத்த கார்கள் வந்தபோது, அந்தக் கூரை போர்வையின் முக்காடு மாதிரி இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். (மழையில் நனைந்தது ஓட்டுநர்தான், பாவம்.) அப்புறம் அமெரிக்காவில் அது நீண்டுகொண்டே போனது. ஜெர்மன்காரரிடம் கேட்டால் சாதாரண நாலு கதவுக் காரையும் லிமோசின் என்பார். இங்கே பெரும்பாலும் ஓட்டுநரோடு முன்பதிவு செய்யும் வண்டி, அவ்வளவுதான்.

ஊர்ப் பெரியவர்களிடம் விளக்க வேண்டுமா? ‘பிளஷர் வருது’ என்று சொல்லுங்கள். அந்தக் காலத்தில் கிராமத்தில் எந்தக் காருக்கும் அதுதான் பெயர், ஆங்கிலத்தில் உல்லாசம் என்று பொருள். சித்தப்பாவுக்கு உடனே புரிந்தது.