‘பழங்குடி வாழ்வா, நவீன வாழ்வா?’: இந்தத் தலைப்பில் பேசத் தயாராவது எப்படி?

தனிமனித சுதந்திரம் அதிகம் இருப்பது பழங்குடி வாழ்விலா, நவீன வாழ்விலா? பேச்சுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் தமிழாசிரியை நான். இந்தத் தலைப்பு கிடைத்தால், ‘பழங்குடியினர்’ என்று பொத்தாம்பொதுவாக ஆரம்பிக்காதீர்கள். நீலகிரித் தோடர்களின் கோயிலான பால்குடிலுக்குள் பெண்கள் நுழைய முடியாது. பழனி மலை, சிறுமலைப் பக்கத்துப் பளியர்களிடமோ ஒருவரை ஒருவர் ஏவுவதே தவறு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசினால் எதிரணி எளிதில் மடக்கிவிடும்.

பளியரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களில் அவர்களிடையே தங்கி ஆராய்ந்திருக்கிறார். அவர் பார்த்த பளியர்கள் போட்டியை விரும்பாதவர்கள். மனஸ்தாபம் வந்தால் சண்டையை வளர்க்காமல் ஒதுங்கிப் போய்விடுவார்கள். இப்படி வாழ அவர்களால் எப்படி முடிந்தது என்பதுதான் உங்கள் பேச்சின் உயிர். காட்டில் வள்ளிக்கிழங்கு தோண்ட ஒரு கம்பு போதும், அது எல்லோர் கையிலும் இருந்தது. சோற்றுக்கு யாரையும் அண்டி நிற்காதவரை யார் மிரட்ட முடியும்?

அடுத்து நம் பக்கம். என்னிடம் படித்த பெண் ஒருத்தி ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறாள். ஆள் வராத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாய்ந்தாலே சூப்பர்வைசர் முறைப்பார். ராத்திரி வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டுதான் என்னோடு போனில் பேசுவாள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. உட்காருவதற்குக்கூடச் சட்டம் தேவைப்பட்டதை மேடையில் நிதானமாகச் சொல்லுங்கள்.

அதே பெண் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அஞ்சல் வழியில் பி.காம் படிக்கிறாள். அதையும் மறைக்காதீர்கள். வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த சமூகங்களில் பிறந்த பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கு 15 வயதை எட்டவில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. தடுப்பூசியும் பிரசவ ஆஸ்பத்திரியும் தந்த ஆயுளைச் சுதந்திரக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயமில்லை.

‘வாரத்தில் இரண்டரை நாள் வேலை செய்தால் போதும்’ என்று தென்னாப்பிரிக்கப் பகுதியின் கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த மக்களைப் பற்றிய ஒரு தகவல் உலவுகிறது. அது உணவு தேடிய நேரம் மட்டும். கருவி செய்வது, சமைப்பது எல்லாம் சேர்த்தால் வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டியது. அந்த மக்களை ஆராய்ந்த மானுடவியலாளர் ரிச்சர்ட் லீயே பிறகு போட்ட கணக்கு இது.

கல்யாணத்தைத் தொடாமல் இறங்காதீர்கள். சாதி, மதம் பாராமல் மணக்க 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 30 நாள் முன்பே அறிவிப்பு ஒட்டுவார்கள். வீட்டுக்குத் தெரியாமல் வந்த ஜோடிக்கு அந்த 30 நாளும் நெருப்பில் நிற்பதுதான்.

என்னைக் கேட்டால், விரும்பியதைத் தேர்ந்தெடுக்க நவீன வாழ்வில் வழி அதிகம். ‘முடியாது’ என்று சொல்வதற்கு அன்றைய பளியர் வாழ்வில் வழி அதிகம். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம், காரணம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பளியர்கள் இன்றும் நம்மோடு வாழ்கிறார்கள். பலர் எஸ்டேட்டில் கூலி வேலை பார்க்கிறார்கள். தேனும் கிழங்கும் எடுக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம்தான் எழுத்தில் தந்தது. 1960களைப் பற்றிப் பேசுகிறீர்களா, இன்றைய நிலையையா என்று ஒவ்வொரு இடத்திலும் தெளிவாகச் சொல்லுங்கள். அவையில் ஒரு பளியர் பிள்ளையும் உட்கார்ந்திருக்கலாம்.