அன்செட் செய்தபின் ஜேசனில் ஆப்ஜெக்டாக மாறிய பிஎச்பி அரே: என் அனுபவம்

பிஎச்பி நிரலில் அரே (எண்ணிட்ட உறுப்புகளின் தொகுப்பு) ஒன்றிலிருந்து ஓர் உறுப்பை அன்செட் என்ற நீக்கும் கட்டளை கொண்டு நீக்கியதும், ஜேசன் என்ற உரை வடிவில் உலாவிக்குச் செல்லும் தரவு சதுர அடைப்புக்குறிக்குப் பதிலாக நெளிவு அடைப்புக்குறியுடன், அதாவது பட்டியலாக இல்லாமல் ஆப்ஜெக்டாக வந்து, பட்டியலின் ஒவ்வோர் உறுப்பையும் கையாளும் ஜாவாஸ்கிரிப்டின் மேப் வேலை செய்ய மறுத்தது. கேஷை அழித்தும், உலாவிப் பக்க நிரலை மாற்றியும் பயனில்லை. கடைசி உறுப்பை நீக்கும்போது மட்டும் எல்லாம் சரியாக இருந்தது, நாள்கணக்கில் குழப்பிய விவரம் அதுதான். உள்ளே இருப்பதைக் காட்டும் வார்_டம்ப் இட்டுப் பார்த்தபோது உறுப்புகளின் வரிசை எண்கள் 0, 2, 3 என நின்றன: அன்செட் எஞ்சியவற்றுக்கு மறு எண் இடுவதில்லை, 0 முதல் இடைவெளியின்றி இருந்தால்தான் அரேயை ஜேசனாக மாற்றும் ஜேசன்_என்கோட் அதைப் பட்டியலாகக் கருதும். 0 முதல் மறு எண் இடும் அரே_வேல்யூஸ் வழியாகச் செலுத்தியதும் தீர்ந்தது, பெரும் நிம்மதி. உறுப்புகளை வடிகட்டும் அரே_ஃபில்டரும் பழைய எண்களையே வைத்திருக்கும். கடைசி உறுப்பை அன்செட் செய்துவிட்டுப் புதியதைச் சேர்த்தாலும் இடைவெளி விழும், ஏனெனில் அடுத்த எண் பின்னோக்கி வராது. கடைசி உறுப்பை எடுத்துவிடும் அரே_பாப் கொண்டு நீக்கினால் அந்த எண் பின்னோக்கி வரும்.