ஆர்சிங்க்: பென்டிரைவ் இல்லாமல் கோப்புகளை அடுத்த கணினிக்கு அனுப்புவது எப்படி?

வீட்டில் இரண்டு கணினி இருந்து, லேப்டாப்பில் இருக்கும் படங்களையெல்லாம் மற்றதில் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்றால் ஆர்சிங்க் போதும். 1996-இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் எழுதிய கருவி, இன்றும் சர்வர் ஆட்கள் தினமும் தட்டுவது இதைத்தான். ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கோப்பை இது மறுபடி அனுப்பாது. இரண்டு பக்கமும் கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் பார்க்கும், ஒன்றாக இருந்தால் தாண்டிப் போய்விடும். மாறியிருந்தால் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும்.

உபுண்டு, டெபியன் என்ற இரண்டு லினக்ஸ் வகைகளிலும் நிறுவுவது இப்படி (கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள், ஆர்சிங்க் என்பது ஆர், எஸ், ஒய், என், சி):

சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஆர்சிங்க்

இது இரண்டு கணினியிலும் வேண்டும். கோப்பை வாங்கிக்கொள்ளும் கணினியில் கூடவே, வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்றுக்கொள்ளும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்-சர்வர் என்ற நிரலையும் இதேபோலப் போட்டுவிடுங்கள். விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல்லுக்குள் (விண்டோஸிலேயே லினக்ஸை ஓட்டும் வசதி) உபுண்டுவைத் திறந்து அங்கிருந்து அனுப்பலாம்.

அப்புறம், வாங்கும் கணினியின் ஐபி முகவரி, அதாவது பிணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண், வேண்டும். அதில் ‘ஐபி ஏ’ என்று தட்டினால் வரும். 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அனுப்பும் கணினியில்:

ஆர்சிங்க் -ஏவிஎன் படங்கள்/ பயனர்@192.168.1.20:சேமிப்பு/

பயனர் என்ற இடத்தில் அந்தக் கணினியில் உங்கள் கணக்கின் பெயர், படங்கள், சேமிப்பு என்ற இடங்களில் உங்கள் ஃபோல்டர்களின் பெயர்கள். ஏ போட்டால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள், தேதி, அனுமதிகள் எல்லாம் அப்படியே போகும், வி போட்டால் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வரும். என் என்பது ஒத்திகை: எதையும் அனுப்பாமல் எதெல்லாம் போகும் என்று பட்டியல் மட்டும் காட்டும். முதல் தடவை இணையும்போது கைரேகை மாதிரி நீளமாக ஏதோ காட்டி நம்பலாமா என்று கேட்கும், ‘யெஸ்’ (ஒய், இ, எஸ்) என்ற சொல்லை முழுதாகத் தட்டுங்கள், வெறும் ஒய் செல்லாது. கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட வராது, கீபோர்டு வேலை செய்யவில்லையோ என்று பயப்பட வேண்டாம்.

பட்டியல் சரியாக இருந்தால் ‘என்’னை எடுத்துவிட்டு, பெரிய எழுத்தில் ‘பி’ சேர்த்து ஓட்டுங்கள். எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும், நடுவில் வைஃபை போனாலும் பாதி வந்த கோப்பை அழிக்காமல் வைத்திருக்கும். அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் சரி.

இனி அந்தச் சாய்கோடு. ஆரம்பத்தில் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான். ‘படங்கள்/’ என்று சாய்கோட்டோடு கொடுத்தால் ஃபோல்டருக்குள் இருப்பவை மட்டும் நேராகச் சேமிப்புக்குள் போய் விழும். சாய்கோடு இல்லாமல் ‘படங்கள்’ என்றால் சேமிப்புக்குள் படங்கள் என்று ஒரு ஃபோல்டரே உருவாகும். இரண்டும் சரிதான், ஆனால் இன்று ஒன்று நாளை ஒன்று என்று போட்டால் எல்லாம் இரண்டு இரண்டாகக் குவியும். முகவரிக்குப் பின்னால் வரும் முக்காற்புள்ளியை விட்டுவிட்டாலோ, பிணையத்தையே தொடாமல் உங்கள் கணினியிலேயே அந்தப் பெயரில் ஃபோல்டர் போடப் பார்க்கும்.

‘--டெலிட்’ என்று ஒரு விருப்பமும் உண்டு. இங்கே அழித்த கோப்பை அங்கேயும் அழிக்கும். ‘படங்கள்/’ என்று கொடுத்து, முக்காற்புள்ளிக்குப் பிறகு சேமிப்பு என்று எழுத மறந்தீர்களானால் இலக்கு அந்தக் கணினியின் ஹோம் ஃபோல்டராகிவிடும், படங்களில் இல்லாத அத்தனையையும் அங்கிருந்து துடைத்துவிடும். குப்பைத்தொட்டிக்கெல்லாம் போகாது, போனது போனதுதான். அதனால் டெலிட் போடும் ஒவ்வொரு தடவையும் முதலில் என் போட்டு ஓட்டி, ‘டெலிட்டிங்’ என்று தொடங்கும் வரிகளை நிதானமாகப் படியுங்கள்.

‘இசட்’ சேர்த்தால் சுருக்கி அனுப்பும். எழுத்துக் கோப்புகளுக்கு நல்லது. ஜேபெக் படங்களும் வீடியோவும் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றுக்கு இதனால் பலன் இல்லை.