பிசிஓஎஸ்: யாழ்ப்பாண வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளையின் பின்கழுத்து கறுத்து, வெல்வெட் துணி போலத் தடித்திருந்தால் நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது தேசிக்காயும் பயற்றம்மாவும்தான். ஒழுங்காகத் தேய்த்துக் குளிப்பதில்லை என்று ஏச்சும் விழும். அது ஊத்தை இல்லை. பெரும்பாலும், இரத்தத்தில் இன்சுலின் மிஞ்சிப் போயிருப்பதைத் தோல் காட்டும் அடையாளம் அது. அதே பிள்ளைக்கு மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, நாடியில் முடி வளர்கிறது, முகப்பரு அடங்குவதில்லை என்றால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, பிசிஓஎஸ் எனும் சூலக ஹோர்மோன் கோளாறு இருக்கிறதா என்று வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இந்த வருத்தத்தில் நடப்பது இதுதான். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது கணையம் அதை இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. மிகையான இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஹோர்மோன்களைக் கூட்டுகிறது. அந்த ஹோர்மோன்களைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தை ஈரல் குறைவாக உண்டாக்கவும் அதுவே காரணமாகிறது. முட்டைகள் முதிர்ந்து வெளிவராமல் பாதியில் நின்றுவிடுகின்றன. ஸ்கானில் சின்னச் சின்னக் கட்டிகளாகத் தெரிபவை அப்படி நின்றுபோன முட்டைப் பைகள்தான். அவற்றை வெட்டி எடுக்க வேண்டி வருமோ என்று பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

அரிய வருத்தமும் அல்ல. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதத்தினருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் கம்பஹா மாவட்டத்தில் நடத்தி 2008 இல் வெளியான ஆய்வொன்றில், 15 முதல் 39 வயதுவரையான பெண்களில் 6.3 சதவீதத்தினருக்கு இருந்தது. ஒரு ரியூசன் வகுப்பில் நாற்பது பெண்பிள்ளைகள் இருந்தால் இரண்டு மூன்று பேருக்காவது இருக்கக் கூடும்.

நான் பார்க்கும் தவறுகளில் மிகப் பெரியது, இதைக் கர்ப்பப்பை வருத்தமாக மட்டும் நினைப்பது. "கலியாணம் கட்டினால் எல்லாம் சரிவரும்" என்று சொல்லி ஐந்தாறு வருடத்தைக் கடத்துவார்கள். கலியாணம் முடிந்து பிள்ளை தங்கவில்லை என்றதும் ஓடித் திரிவார்கள். பிள்ளை கிடைத்துவிட்டால் கிளினிக் பக்கமே போக மாட்டார்கள். பெண்ணின் சீனி, இரத்த அழுத்தம், கொழுப்பு, நித்திரை, மனநிலை ஒன்றும் யாருடைய கணக்கிலும் வராது. அவளுடைய உடம்பு அவளுக்கென்று நன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் வர வேண்டும்.

காத்திருப்பதால் வரும் கேடு ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மாதவிடாய் வராத மாதங்களிலும் கர்ப்பப்பையின் உள்படலம் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். முட்டை வெளிவராததால் அதைக் கட்டுப்படுத்தும் ஹோர்மோன் கிடைக்காது. படலம் தடித்துப் போகும். இது வருடக்கணக்கில் நீண்டால் அந்தப் படலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே 90 நாள் தாண்டியும் மாதவிடாய் வரவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும், "வராதது சுகம்தானே" என்று விடக்கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் இப்போது கூடி வருகிறது. சாமத்தியப்பட்டு ஒன்றரை வருடம்கூட ஆகாத பிள்ளையைக் காசு கட்டி ஸ்கான் எடுத்து, பிசிஓஎஸ் என்று பெயர் சூட்டி, வீடே கலங்குவது. பருவமடைந்த முதல் வருடத்தில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. அதன்பின் மூன்றாம் வருடம்வரை 45 நாளைத் தாண்டிப் போனால் கவனிக்க வேண்டும். மூன்று வருடத்துக்குப் பிறகு 35 நாளைத் தாண்டினால், அல்லது வருடத்தில் எட்டு முறைக்கும் குறைவாக வந்தால் காட்ட வேண்டும். 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படித்தான். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்கானை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்கிறது 2023 இல் வெளியான சர்வதேச வழிகாட்டல். அந்த வயதில் நல்ல சுகமான சூலகமும் ஸ்கானில் அப்படித் தெரியலாம். வளர்ந்த பெண்களுக்குக்கூட ஸ்கான் மட்டும் போதாது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹோர்மோன் மிகை, சூலகத் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தைரோயிட், புரோலக்டின் ஹோர்மோன் கோளாறுகள் இல்லை என்பதும் தெளிவாக வேண்டும்.

ஸ்கானுக்குச் செலவழிப்பவர்கள் சீனிப் பரிசோதனையை விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. வெறுவயிற்றுச் சீனி சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலத்தின் பின் பார்க்கும் சோதனையில்தான் பலருக்குப் பிரச்சினை வெளிப்படும். பிசிஓஎஸ் என்று தெரிந்தவுடன் ஒருமுறை, பிறகு ஆளைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள், வழிகாட்டுவார்.

"அவள் மெல்லிய பிள்ளை, அவளுக்கு இது வராது" என்பதும் பிழை. நம் போன்ற தெற்காசிய உடம்புகளில் எடை குறைவாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். அதனால்தான் நமக்கு உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைச் சுட்டெண் (பிஎம்ஐ) 23 ஐத் தொட்டாலே, இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனம் தேவை என்கிறார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். மெலிய வேண்டும் என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல், மத்தியானம் இரண்டு கிறீம் கிராக்கருடன் சமாளித்து, இரவு பசி தாங்காமல் ஒரு நீத்துப்பெட்டிப் புட்டை வாழைப்பழத்தோடு முடிப்பது பல வீடுகளில் நடக்கிறது. இன்சுலின் தடுமாற்றம் உள்ள உடம்புக்கு அந்த இரவுச் சாப்பாடு பெரிய சுமை. புட்டை விடச் சொல்லவில்லை. பாதியாகக் குறைத்து, பக்கத்தில் முட்டையோ கடலைக் கறியோ மீன் குழம்போ வையுங்கள்; முருங்கையிலை வறையும் பயற்றங்காயும் கோப்பையில் பாதி இடத்தைப் பிடிக்கட்டும். மரக்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டு மாச்சாப்பாட்டைக் கடைசியில் சாப்பிட்டால் சீனி ஏறுவது குறைகிறது. விலைகூடிய பவுடர்களும் வெளிநாட்டு விதைகளும் இதற்குத் தேவையே இல்லை. மலிவான சூடை, நெத்தலி, பயறு, வல்லாரைச் சம்பல் எல்லாம் சந்தையில் கிடைக்கின்றன.

நல்லது என்று பெயர் எடுத்த சாப்பாட்டில்தான் பலர் அளவைத் தவறவிடுகிறார்கள். பனங்கட்டி நம்முடைய அருமையான பொருள், எனக்கும் பிடிக்கும். ஆனால் இரத்தத்தில் அது சீனியாகத்தான் சேரும். குரக்கனில் நார்ச்சத்து கூட. மாச்சத்தோ அரிசிக்குக் கிட்டத்தட்டச் சமன், ஆகவே குரக்கன் புட்டு என்றாலும் அளவு அளவுதான். ஒடியற்கூழின் நன்மை அதில் விழும் மீனிலும் கீரையிலும் பயற்றங்காயிலும் இருக்கிறது. ஒடியல் மா பெரும்பாலும் மாச்சத்துத்தான். எதையாவது ஒன்றை மட்டும் இன்றைக்கே மாற்றலாம் என்றால் நான் சொல்வது, நாலு மணித் தேத்தண்ணியின் சீனி. கூடவே வரும் றோல்ஸ், மிதிவெடியைக் கிழமைக்கு ஒருநாளாக்குங்கள். இந்த உணவுமுறைதான் பிசிஓஎஸ்ஸுக்கு மருந்து என்று நிரூபிக்கப்பட்ட ஒன்று எதுவுமில்லை. வருடக்கணக்கில் கடைப்பிடிக்கக் கூடியதே நல்ல முறை.

வீட்டு வேலையே போதும், தனியாக உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பார்கள். முந்தி சைக்கிளில் போய்வந்த தூரத்தை இப்போது ஸ்கூட்டியில் போகிறோம்; அந்தக் கால் வேலை இல்லாமல் போய்விட்டது. கிழமைக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்க நடக்கவோ மிதிக்கவோ வேண்டும். அதோடு தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி இரண்டு நாள். பெண்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான். வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி குறைவாக இருக்கும்போதும் இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும். வெளியில் செய்யக் கூச்சமாக இருந்தால் அறைக்குள் கதிரையில் இருந்து எழும்பி இருப்பது, தண்ணி நிரப்பிய போத்தல்களைத் தூக்குவது என்று தொடங்கலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் பத்து நிமிட நடை மிகவும் பிரயோசனமானது. எடை குறையவில்லையே என்று இரண்டு மாதத்தில் கைவிட வேண்டாம். தராசு அசையாதபோதும் உள்ளே இன்சுலின் நிலை திருந்தும். எடை கூடியவர்களுக்கு 5 சதவீதம் குறைந்தாலே, அதாவது 70 கிலோவில் மூன்றரைக் கிலோ, மாதவிடாய் சீராகத் தொடங்கலாம்.

குளிசைகளைப் பற்றிய பயத்தையும் சொல்ல வேண்டும். கலியாணமாகாத பிள்ளைக்கு எழுதித் தந்த பெட்டியில் கர்ப்பத்தடை மாத்திரை என்று கண்டதும் அம்மாமார் பதறி நிறுத்திவிடுவார்கள். அது மாதவிடாயை ஒழுங்காக்கி உள்படலத்தைக் காக்கவும், முடி வளர்ச்சியைக் குறைக்கவும் தரப்படுவது, பிற்காலத்தில் மலடாக்காது. இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, இரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்சுலின் தடுமாற்றத்துக்குத் தரும் மெட்போர்மின் குளிசை தொடக்கத்தில் வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு எடுத்து, வைத்தியர் சொல்படி அளவை மெல்ல மெல்லக் கூட்டினால் பலருக்கு அடங்கிவிடும். சித்த மருந்தும் எடுக்கிறீர்கள் என்றால் இரு பக்கத்தாருக்கும் தெரியப்படுத்துங்கள்.

கொண்டாட்ட வீட்டில் "என்ன, உடம்பு வைச்சிட்டாய்?", "முகத்தில என்ன முடி?" என்று நாலு பேர் முன்னால் கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இந்த வருத்தம் உள்ள பெண்களில் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஒழுங்கான நித்திரையும் பலருக்கு இல்லை. முடியை மழிப்பதால் அது தடித்து வளராது, அதற்காக ஒரு பிள்ளையை ஏச வேண்டியதில்லை.

பிசிஓஎஸ் இருந்தால் பிள்ளை கிடைக்காது என்பதும் உண்மையில்லை. பலருக்குத் தானாகவே தங்கும். தங்காதவர்களுக்கு முட்டையை வெளிவரச் செய்ய லெட்ரோசோல் போன்ற குளிசைகள் இருக்கின்றன. தானாகத் தங்கக் கூடும் என்பதால், இப்போது பிள்ளை வேண்டாம் என்பவர்கள் கர்ப்பத்தடையைப் பயன்படுத்தத்தான் வேண்டும். கர்ப்பம் தரிக்க முயல்பவர்கள் முதலே வைத்தியரைக் கண்டு, எடுக்கும் மருந்துகளில் எதை நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பகாலச் சீனி வரும் வாய்ப்பு இவர்களுக்குக் கூட என்பதால் குளுக்கோஸ் சோதனையைத் தவறவிடக் கூடாது. கர்ப்பத்தில் சீனி இருந்தவர்கள் பிள்ளை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் அதை மறுபடி செய்ய வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடக் கிளினிக்குக்குப் போகும்போதே அம்மாவின் சோதனைக்கும் ஒரு நாள் கேட்டு வாங்கிவிடுங்கள்.